வீடு மாறுவது குற்றமா?

வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் ஆயுள் முழுவதும் ஒரே வீட்டில் இருந்துவிட முடியாது. இது ஆலைத் தொழிலாளிக்கும் தெரியும், விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். ஆலை மூடினால் வீடு மாற வேண்டும். நிர்வாகம் வேறு யூனிட்டுக்கு மாற்றினால் வீடு மாற வேண்டும். வீட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஆயிரம் ரூபாய் ஏற்றினால் வீடு மாற வேண்டும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் தஞ்சையிலிருந்தும் நாகையிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வர வேண்டும். பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்றால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது மூடப்பட்ட என்.டி.சி. ஆலைகள் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படவில்லை. அந்த ஆலைகளை நம்பியிருந்தவர்களில் எத்தனை குடும்பங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்திருக்கும் என்பதைக் கோவைத் தொழிலாளிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றில் எதுவும் தொழிலாளி ஆசைப்பட்டுச் செய்வதல்ல.

சாமான்களைக் குட்டியானையில் ஏற்றுகிறோம். சட்டி பானை, பாய் தலையணை, பீரோ, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் ஏறிவிடுகின்றன. ஒன்று மட்டும் ஏறுவதில்லை. ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ முன்பணம் கட்டி வாங்கிய இன்டர்நெட் இணைப்பு, பழைய வீட்டுச் சுவரிலேயே தங்கிவிடுகிறது. புது வீடு இருக்கும் தெருவில் அந்தக் கம்பெனியின் கம்பி இல்லை. "அப்படியானால் மீதி மாதங்களுக்கான பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்டால், "ஒப்பந்தத்தைப் பாதியில் முறிப்பது நீங்கள்தானே? பணம் வாபஸ் கிடையாது" என்று பதில் வருகிறது. சில இடங்களில் இதற்கு மேலேயும் போகிறார்கள். இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறோம் என்று சொன்ன இணைப்புக்கு இப்போது பணம் கட்டு என்கிறார்கள். மோடத்துக்குப் பணம் கட்டு என்கிறார்கள்.

இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

சின்ன விஷயமா?

கூலி உயர்வு, போனஸ், ரேஷன் என்று எத்தனையோ பிரச்னைகள் இருக்கும்போது கம்பியைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும்.

ஒரு குடும்பம் மாதம் 500 ரூபாய் வீதம் ஒரு வருஷத்துக்கு 6,000 ரூபாயை முன்கூட்டியே கட்டியதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மாதம் கழித்து வீடு மாற நேர்கிறது. பயன்படுத்தியது 2,500 ரூபாய்க்கு. பயன்படுத்தாமல் பறிபோனது 3,500 ரூபாய். புது வீட்டில் வேறொரு கம்பெனியிடம் மறுபடியும் முன்பணம், மறுபடியும் மோடத்துக்கு டெபாசிட். வீட்டு அட்வான்ஸ், வண்டி வாடகை, சுமைகூலி ஆகியவற்றோடு இதுவும் அதே மாதத்தில் வந்து தலையில் விழுகிறது. அந்த 3,500 ரூபாய் எத்தனை ஷிப்டுக் கூலி என்று ஒவ்வொருவரும் தங்கள் கணக்கில் வகுத்துப் பார்க்கலாம்.

சம்பளத்தில் நூறு ரூபாய் பிடித்தால் ஆலை வாசலில் நின்று கேட்கிறோம். அதே சம்பளம் வீட்டுக்கு வந்தபிறகு ஆயிரக்கணக்கில் பிடிக்கப்படும்போது, விதி என்று சும்மா இருக்கிறோம். இரண்டும் உழைத்துச் சம்பாதித்த பணம்தான்.

"இன்டர்நெட் இல்லாமல் இருந்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. வசதி படைத்தவர்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசியில் வந்தது. இணைப்பு இருந்த பிள்ளை படித்தது, இல்லாத பிள்ளை ஆடு மேய்க்கப் போனது, இல்லையென்றால் வேலைக்குப் போனது. பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டுமானால் இன்று பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகத்தான் மனுப் போட வேண்டியிருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளிகளைப் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவும் இன்டர்நெட்டில்தான். கல்வி உரிமையின் ஒரு பகுதிதான் இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை என்று, ஒரு கல்லூரி மாணவி தொடர்ந்த வழக்கில் 2019-ல் கேரள ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. எல்லாக் காரியத்தையும் கம்பிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கம்பி ஆடம்பரம் என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஒப்பந்தத்தை எழுதியது யார்?

"நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டீர்களே" என்பது கம்பெனிக்காரர்களின் பெரிய வாதம். இந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது?

லைன் வீட்டு வாசலுக்கு ஒரு பையன் வருகிறான். வருஷத் திட்டம் எடுத்தால் இணைப்பு இலவசம், ஒரு மாதம் கூடுதல் என்கிறான். அவன் கைப்பேசியிலேயே பெயரைப் போட்டு, நமக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கி, ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறான். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் பல பக்கங்கள் இங்கிலீஷில் ஷரத்துகள் இருக்கின்றன. அதை நாமும் படிக்கவில்லை, அவனும் படித்ததில்லை. அந்தப் பையன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மாதம் இத்தனை இணைப்புப் பிடிக்க வேண்டும் என்ற டார்கெட்டை முதுகில் சுமந்து தெருத்தெருவாக அலையும் அவனும் கூலிக்காரன்தான்.

ஷரத்துகளை எழுதியது ஒரு தரப்பு. அதில் ஒரு வார்த்தையை மாற்றக் கேட்கும் உரிமை மறுதரப்புக்கு இல்லை. எடு, இல்லாவிட்டால் விடு. இப்படிப்பட்டதை இருவர் கூடிப் பேசிச் செய்த ஒப்பந்தம் என்று சொல்வது வார்த்தையை அவமதிப்பதாகும்.

வேடிக்கையைப் பாருங்கள். நம் நாட்டில் வாடகைப் பத்திரம் எழுதினால் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள். லைன் வீடுகளில் அந்தப் பத்திரமும் கிடையாது. வீட்டுக்காரர் வாயால் சொன்னதுதான் பத்திரம். குடியிருக்கும் வீடு 11 மாதத்துக்கு, அந்த வீட்டுக்குள் வரும் கம்பி மட்டும் 12 மாதத்துக்கு! கூரைக்கே உத்தரவாதம் இல்லாதவனிடம் கம்பிக்கு உத்தரவாதம் கேட்கிறார்கள்.

கம்பெனியின் நஷ்டம் எவ்வளவு?

கம்பெனிகள் சொல்வதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது என்பதையும் நாம் மறைக்கவில்லை. கம்பத்திலிருந்து வீடு வரை கம்பி இழுக்க ஆள் கூலி உண்டு. மோடத்துக்கு விலை உண்டு. இதை வாங்காமல் இலவசம் என்று கொடுத்தால், சந்தாதாரர் ஒரு மாதத்தில் போய்விட்டால் செலவு திரும்பாது. சரி. ஒப்புக்கொள்வோம்.

ஆனால் கணக்கை முழுக்கப் போட வேண்டும். நாம் காலி செய்துவிட்டுப் போனபின் அந்தக் கம்பி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. அங்கேயே இருக்கிறது. அடுத்த மாதம் அந்த வீட்டுக்குக் குடிவருகிறவருக்கு அதே கம்பியில் இணைப்புக் கொடுத்து, அவரிடமும் பணம் வாங்க முடியும். நாம் திருப்பிக் கொடுத்த மோடம் வேறொரு வீட்டுக்குப் போக முடியும். அதாவது, நாம் கட்டி அனுபவிக்காத ஏழு மாதத்துக்கும் அதே கம்பிக்கு இரண்டு பேரிடம் வசூல் ஆகலாம். நஷ்டம் என்பது தொழிலாளிக்கு, லாபம் என்பது கம்பெனிக்கு. ஆனால் நஷ்டஈடு கேட்பது கம்பெனி!

அப்படியே செலவு திரும்பவில்லை என்றாலும், அந்தச் செலவு மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. முதல் மாதத்தில் போகிறவருக்கும் பதினோராவது மாதத்தில் போகிறவருக்கும் ஒரே தொகை எப்படிப் பொருந்தும்? மீதிப் பணம் முழுவதையும் வைத்துக்கொள்வது நஷ்டஈடு அல்ல, அபராதம். வெள்ளைக்காரன் காலத்தில், 1872-ல் செய்த இந்திய ஒப்பந்தச் சட்டமே இதை அப்படியே அனுமதிக்கவில்லை. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்று அதன் 74-வது பிரிவு சொல்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய இந்த நியாயத்தைக்கூடக் கம்பெனிகளின் ஷரத்துகளில் காணவில்லை.

டெலிவிஷன் பெட்டியின் கதை

கேபிளும் டிஷ்ஷும் இதற்கு இளைத்தவை அல்ல. ஒரு கேபிள்காரரிடம் வாங்கிய செட்டாப் பாக்ஸை எடுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போனால், அங்குள்ள கேபிள்காரர், "இது எங்கள் லைனில் வேலை செய்யாது, புதுப் பெட்டி வாங்குங்கள்" என்கிறார். பெட்டி கெட்டுப்போகவில்லை. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் ஒளிபரப்பைத் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்படி செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் மத்திய சர்க்காருக்குச் சிபாரிசு செய்தது. டியூப் லைட்டை ஒரு வீட்டிலிருந்து கழற்றி இன்னொரு வீட்டில் மாட்டுகிறோம். கம்பெனி எது என்று மின்சாரம் கேட்பதில்லை. பெட்டிக்கும் அந்த நிலைமை வர வேண்டும்.

வேறு நாடுகளில் என்ன நடக்கிறது?

"இது தொழில் நடத்தும் முறை, உலகம் முழுவதும் இப்படித்தான்" என்பார்கள். அது உண்மையல்ல.

ஜெர்மனி முதலாளித்துவ நாடு. அங்கும் கம்பெனிகள் இரண்டு வருஷம் வரை ஒப்பந்தம் போடுகின்றன. ஆனால் சந்தாதாரர் வீடு மாறி, புது இடத்தில் அந்தக் கம்பெனியால் அதே சேவையைக் கொடுக்க முடியாவிட்டால், நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று 2012-ல் அங்கே சட்டம் செய்தார்கள். நோட்டீஸ் காலம் அப்போது மூன்று மாதம். 2021 டிசம்பர் 1 முதல் அது ஒரு மாதமாகக் குறைக்கப்பட்டது. கம்பெனியால் புது வீட்டுக்குச் சேவை கொடுக்க முடியுமானால் பழைய விலையிலேயே கொடுக்க வேண்டும். இடமாற்றக் கட்டணம், புது இணைப்புக்கு வாங்கும் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. இதனால் ஜெர்மன் கம்பெனிகள் ஒன்றும் இழுத்து மூடிவிடவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே சாதாரண ஜனங்களுக்கு இந்தப் பாதுகாப்பைத் தேசம் முழுவதற்குமாகச் சட்டம் செய்து கொடுக்கவில்லை. ஆனால் ராணுவ வீரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். 90 நாளுக்குக் குறையாமல் வேறு இடத்துக்குப் போகும்படி உத்தரவு வந்து, அங்கே அந்தச் சேவை கிடைக்காவிட்டால், அவர் அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். முதலில் டெலிபோனுக்கு இருந்த இந்த உரிமை, 2018-ல் வந்த திருத்தத்தால் இன்டர்நெட்டுக்கும் டெலிவிஷனுக்கும் விரிந்தது. காரணம் என்ன? அவர் தன் இஷ்டத்துக்குப் போகவில்லை, உத்தரவுக்குப் போகிறார் என்பதுதான்.

மிகவும் சரியான காரணம். நாம் கேட்பது இதுதான்: ஆலை மூடியதால் போகிறவர் யாருடைய இஷ்டத்துக்குப் போகிறார்? வேறு யூனிட்டுக்குப் போ என்று மானேஜர் கொடுக்கும் காகிதம் உத்தரவு இல்லையா? வயலில் வேலை இல்லை என்று வயிறு போடும் உத்தரவைவிடக் கடுமையான உத்தரவு உண்டா? கட்டாயத்தால் இடம் மாறுகிறவர் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகமாட்டார் என்ற நியாயம் சிப்பாய்க்குப் பொருந்துமானால், தொழிலாளிக்கும் பொருந்த வேண்டும்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒன்றை முதன்முறையாக வரையறுத்தது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதும், ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதும் அதில் அடங்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று புகார் செய்ய வேண்டுமானால், உள்ளூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 3,500 ரூபாய்க்காக ஷிப்டை விட்டுவிட்டு, வக்கீல் வைத்து, மாநில ஆணையத்தின் படி ஏறப்போகும் தொழிலாளி யார்? உரிமையைக் கொடுத்து, அதை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி திறந்திருக்கிறது. வாங்கிய பணத்துக்குச் சேவை கொடுக்கவில்லை, டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை, தவறாகப் பணம் பிடித்தார்கள் என்ற சேவைக் குறைபாட்டுப் புகாரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. டெலிபோன் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று கம்பெனிகள் வெகுகாலம் வாதாடி வந்தன. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன ஒரு தீர்ப்பு அவர்களுக்கு உதவியாக இருந்தது. ஆனால் ஒரு கைப்பேசி சந்தாதாரர் தொடர்ந்த வழக்கில், 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே, விசாரிக்க முடியும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு தனி மனிதர் தன் பில்லுக்காக விடாமல் நின்றதால் கோடிக்கணக்கான பேருக்குக் கதவு திறந்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

நாம் கோருவது என்ன?

நமது கோரிக்கைகள் பெரியவை அல்ல, நாலே நாலு.

ஒன்று: சந்தாதாரர் வீடு மாறும் இடத்தில் கம்பெனியால் சேவை கொடுக்க முடியாவிட்டால், ஒப்பந்தம் அபராதம் இல்லாமல் முடிய வேண்டும். பயன்படுத்தாத மாதங்களின் பணம் திரும்ப வர வேண்டும்.

இரண்டு: சேவை கொடுக்க முடிந்தால், பழைய விலையில், பழைய காலக் கணக்கிலேயே இணைப்பு இடம் மாற வேண்டும். வீடு மாறியதைச் சாக்காக வைத்துப் புது ஒப்பந்தம் எழுத வைக்கக் கூடாது.

மூன்று: இணைப்புச் செலவு பாக்கி என்று கேட்பதானால், உண்மைச் செலவு எவ்வளவு என்று முதல் நாளே ரசீதில் எழுத வேண்டும். அது மாதாமாதம் குறைந்து வர வேண்டும். ஷரத்துகள் தமிழில், ஒரே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்கு: நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

இவற்றை டிராய் விதிகளாகவும் பார்லிமெண்டு சட்டமாகவும் கொண்டுவர முடியும். ஜெர்மனியில் முடிந்தது இங்கே முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அதுவரை செய்ய வேண்டியது

சட்டம் வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வீடு நிச்சயமில்லாதவர்கள் வருஷத் திட்டத்தின் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். மாதத்துக்கு மாதம் கட்டுவது சற்றுக் கூடுதலானாலும் பத்திரமானது. இணைப்பு வாங்கும்போதே, "நான் வீடு மாறினால் என்ன ஆகும்?" என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பிலோ காகிதத்திலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு மாறுவது தெரிந்தவுடன், சாமான் கட்டுவதற்கு முன்பே, எழுத்து மூலம் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். புது விலாசத்துக்கு இணைப்பு மாற்றிக் கொடுங்கள் என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால், முடியாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அப்போது சேவை கொடுக்க முடியாதது யார் என்பது காகிதத்தில் பதிந்துவிடும். மோடத்தையும் பெட்டியையும் பழைய வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீது இல்லாததால்தான் பலரிடம் மோடத்துக்குப் பணம் கேட்க முடிகிறது.

புகார் செய்தால் கம்பெனி ஒரு புகார் எண் கொடுக்க வேண்டும். அதைக் குறித்து வையுங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய் தனி நபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை; அங்கே மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்து நாளைக் கழிக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஒரே லைன் வீட்டில் பத்துக் குடும்பங்களுக்கு ஒரே கம்பெனி ஒரே மாதிரி செய்திருந்தால், பத்துப் பேரும் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை. ஒரே குறை உள்ள பல நுகர்வோர், ஆணையத்தின் அனுமதி பெற்றுச் சேர்ந்து ஒரே புகாராகப் போடலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஒருவர் 3,500 ரூபாயை விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஷரத்து எழுதப்பட்டிருக்கிறது. பத்துப் பேர் விடமாட்டார்கள் என்று தெரிந்தால் ஷரத்து மாறும்.

வீடு மாறுவது குற்றமல்ல. வேலையும் கூரையும் நிலையில்லாத வாழ்க்கையில் அது நம் தலைமேல் சுமத்தப்பட்ட பாரம். அந்தப் பாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து அபராதமும் வாங்குவதுதான் குற்றம். அதைக் குற்றம் என்று சட்டம் சொல்லும் நாள் வரை, ரசீதைப் பத்திரப்படுத்துவோம், கேள்வியை விடாமல் கேட்போம்.